எலுமிச்சையை எப்போது வெளியே எடுப்பது?

கண்ணாடி ஜாடித் தண்ணீரில் எலுமிச்சை வட்டங்கள், வெள்ளரித் துண்டுகள், புதினாக் கொத்து, நடுவில் இரண்டு மூன்று ஸ்ட்ராபெர்ரி என்று நிரப்பி எடுத்த படங்களை எல்லோரும் பார்த்திருப்போம். படத்துக்கு நன்றாகத்தான் இருக்கும். அதே ஜாடியைக் காலையில் நிரப்பி மேசையில் வைத்து மாலை வரை குடித்துப் பாருங்கள். மதியத்துக்கு மேல் தண்ணீர் கசக்க ஆரம்பிக்கும். புதினா கறுத்துப்போகும். ஸ்ட்ராபெர்ரி வெளுத்துத் தொளதொளவென்று ஆகிவிடும். பலர் ஒரு தடவை செய்துவிட்டு "இதெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்று விட்டுவிடுவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஜாடிக்குள் என்னென்ன போடலாம் என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எதை எப்போது வெளியே எடுக்க வேண்டும் என்று யாரும் அவ்வளவாக எழுதுவதில்லை. இந்தப் பதிவு பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

நான் இதில் இவ்வளவு கவனம் வைத்ததற்குக் காரணம் என் அம்மா. அவருக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்கிவிடும். உடம்புக்குத் தண்ணீர் தேவைப்படும், ஆனால் தாகம் எடுக்காது. "தண்ணி குடிம்மா" என்றால் "தாகம் எடுத்தா குடிக்க மாட்டேனா, நீ உன் வேலையப் பாரு" என்பார். சர்க்கரை நோய் இருப்பதால் பழச்சாறோ சர்பத்தோ கொடுக்க வழியில்லை. ஆனால் தண்ணீரில் லேசாக ஒரு மணம் இருந்தால் கேட்டு வாங்கிக் குடிப்பார். கொஞ்சம் கசந்தாலும் டம்ளரை அப்படியே வைத்துவிடுவார். அதனால் கசப்பு எங்கிருந்து வருகிறது, எப்போது வருகிறது என்று ஒவ்வொரு பொருளாகக் கவனிக்க வேண்டியதாயிற்று.

முதலில், ஊறும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பழத்தின் சர்க்கரையில் பெரும்பகுதி அதன் செல்களுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. வெட்டிய முகத்திலிருந்து கொஞ்சம்தான் தண்ணீருக்கு வருகிறது. தண்ணீருக்குள் வருவதில் நமக்கு முக்கியமானது மணம். மணத்தைத் தரும் எண்ணெய்கள் தண்ணீரில் அதிகம் கரையாதவைதான். ஆனால் மூக்குக்கு மிக மிகச் சிறிய அளவே போதும். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி என்ற அடிப்படைச் சுவைகள். மற்றதெல்லாம் விழுங்கும்போது தொண்டையின் பின்புறம் வழியாக மூக்குக்குப் போகும் மணம்தான். ஸ்ட்ராபெர்ரி மாதிரியான பழ மணத்தை மூளை இனிப்போடு சேர்த்தே பழகியிருப்பதால், சர்க்கரை அநேகமாக இல்லாத தண்ணீரும் லேசாக இனிப்பதுபோல் தோன்றும். அம்மாவுக்கு இது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று சொல்லத் தேவையில்லை.

மணம்தான் எல்லாம் என்பதால், தண்ணீருக்கென்று ஒரு வாடை இருக்கவே கூடாது. குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை இருந்தால் வெள்ளரியின் மெல்லிய மணம் அதில் அமுங்கிப்போகும். கொதிக்கவைத்து ஆறவிட்டாலோ, அகன்ற பாத்திரத்தில் கொஞ்ச நேரம் வைத்திருந்தாலோ குளோரின் போய்விடும். சில ஊர்களில் குளோரினுக்குப் பதில் குளோரமைன் கலப்பார்கள். அது சும்மா வைத்திருந்தால் போகாது; கரி வடிகட்டி வேண்டும். இன்னொன்று, தண்ணீர் பல் கூசும் அளவுக்குச் சில்லென்று இருந்தாலும் மணம் எழும்பாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஐந்து நிமிடம் வெளியே வைத்துவிட்டுக் குடித்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

சரி, எலுமிச்சைக்கு வருவோம். எல்லோரும் முதலில் போடுவது அதுதான், அதிகம் கெடுப்பதும் அதுதான்.

எலுமிச்சையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெளியே மெல்லிய மஞ்சள் தோல், அதற்குள் வெள்ளைச் சதை, அதற்குள் சாறு நிறைந்த சுளைகள், இடையில் விதைகள். மஞ்சள் தோலில் எண்ணெய்ப் பைகள் இருக்கின்றன. லிமோனீன் முதலான மணப்பொருட்கள் அங்கேதான். அந்த மணம் போட்ட சில நிமிடங்களிலேயே தண்ணீரில் தெரிய ஆரம்பிக்கும். அடுத்து சுளையிலிருந்து புளிப்பு இறங்கும். வெள்ளைச் சதையும் விதையும் தருவது கசப்பு, அது மெதுவாகத்தான் வரும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எலுமிச்சை, ஆரஞ்சு வகைப் பழங்களில் லிமோனின் என்ற கசப்புப் பொருள் (மேலே சொன்ன மணப்பொருள் லிமோனீன் வேறு, இது வேறு), முழுப் பழத்தில் கசக்காத வேறொரு வடிவத்தில் இருக்கிறது. பழத்தை வெட்டியதும் அது அமிலத்தோடு சேர்ந்து, நேரம் போகப் போக லிமோனினாக மாறுகிறது. அதனால்தான் முதல் டம்ளர் அருமையாக இருக்கும், அதே ஜாடியின் நாலாவது டம்ளர் முகம் சுளிக்கவைக்கும். பழச்சாறு தயாரிக்கும் தொழிலிலும் இது பழைய தலைவலி; பிழிந்தபோது நன்றாக இருந்த ஆரஞ்சுச் சாறு வைத்திருந்து எடுத்தால் கசக்கும்.

இதைப் புரிந்துகொண்ட பிறகு என் முறை மாறிவிட்டது. காய் சீவும் பீலரால் மஞ்சள் தோலை மட்டும் நாலைந்து மெல்லிய நாடாவாகச் சீவிக்கொள்கிறேன். அடியில் வெள்ளை ஒட்டியிருந்தால் கத்தியால் வழித்துவிடுகிறேன். அப்புறம் வெள்ளைச் சதையை முழுவதும் நீக்கி, சுளையை வட்டமாக நறுக்கி, விதைகளை எடுத்துவிடுகிறேன். தோல் நாடாவும் சுளை வட்டமும் ஜாடிக்குள் போகும், வெள்ளை போகாது. இப்படிப் போட்டால் இரவு முழுக்க ஃபிரிட்ஜில் இருந்தாலும் கசப்பு அநேகமாகத் தெரியாது. இவ்வளவு வேலைக்கு நேரம் இல்லாத நாளில் தோலோடு வட்டமாக நறுக்கிப் போடலாம், தவறில்லை. ஆனால் இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். ஆரஞ்சுக்கும் இதே கணக்கு. ஆரஞ்சுத் தோலின் மணம் இன்னும் மென்மையானது. எலுமிச்சையின் கூர்மை பிடிக்காதவர்கள் அதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

பம்பளிமாஸ், கிரேப்ஃப்ரூட் இரண்டையும் நான் அம்மாவின் ஜாடியில் போடுவதே இல்லை. கிரேப்ஃப்ரூட்டில் நரின்ஜின் என்ற கசப்புப் பொருள் அதிகம், அது காத்திருக்காமல் உடனே கசக்கும். ஆனால் உண்மையான காரணம் அது இல்லை. இந்தப் பழங்களில் இருக்கும் ஃபுரானோகூமரின் என்ற பொருட்கள், சில மருந்துகளைக் குடலில் உடைக்கும் ஒரு நொதியை முடக்கிவிடுகின்றன. அப்போது மருந்து வழக்கத்தைவிட அதிகமாக ரத்தத்தில் சேரும். கனடாவில் டேவிட் பெய்லியின் குழு ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தை மதுவோடு சேர்த்து ஆராய்ந்தபோது, மதுவின் சுவை தெரியாமல் இருப்பதற்காகக் கிரேப்ஃப்ரூட் சாறு கலந்தார்கள். ரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பாராத அளவுக்கு ஏறியது. 1989-இல் வெளியான அந்த ஆய்விலிருந்துதான் இந்த விஷயமே வெளியே வந்தது. சிம்வாஸ்டாடின் போன்ற கொழுப்பு மாத்திரைகளுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. ஊறிய தண்ணீரில் இறங்குவது சாற்றைவிட மிகக் குறைவுதான். ஆனாலும் வீட்டில் மாத்திரை சாப்பிடுகிறவர் இருந்தால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள். மற்ற பழங்கள் எத்தனையோ இருக்கின்றன.

தோலோடு போடும் எதையும் நன்றாகக் கழுவ வேண்டும். ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்து, எலுமிச்சை மாதிரி கெட்டித் தோல் உள்ளதைத் தனியாக வைத்திருக்கும் ஒரு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் போதும். சோப்பு வேண்டாம், தோலின் நுண்துளைகளில் தங்கிவிடும். பழம் மெழுகு பூசினதுபோல் பளபளவென்று இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்த்தால் மெழுகு இளகும்.

புதினாவைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. புதினாவின் எண்ணெய் இலைக்குள் ஆழத்தில் இல்லை. இலையின் மேற்பரப்பில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குட்டிக் குட்டிச் சுரப்பிகளில் இருக்கிறது. அவை உடைந்தால் போதும். அதற்கு உரலும் வேண்டாம், மத்தும் வேண்டாம். இலைகளை ஒரு உள்ளங்கையில் வைத்து இன்னொரு கையால் ஒரு தட்டு தட்டினால் மணம் அறை முழுக்கப் பரவும். நசுக்கினால் இலையின் செல்கள் கிழிந்து, புல்லை மென்றதுபோன்ற ஒரு பச்சை வாடையும் கசப்பும் சேர்ந்து இறங்கும். இலையும் சீக்கிரம் கறுக்கும். தண்டையும் கிள்ளி எறிந்துவிடுங்கள், அதிலிருந்து மணத்தைவிடப் பச்சை வாடைதான் அதிகம் வருகிறது.

புதினாத் தண்ணீர் குடித்தால் வாய் குளிர்கிறதே, அது தண்ணீரின் வெப்பநிலை குறைவதால் இல்லை. குளிரை உணர்வதற்கென்று நரம்புகளில் டிஆர்பிஎம்8 என்ற ஓர் உணரி இருக்கிறது. மென்தால் போய் அதைத் தூண்டிவிடுகிறது, மூளை குளிர் என்று எடுத்துக்கொள்கிறது. டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவரும் தனித்தனியாக மென்தாலை வைத்து 2002-இல் இந்த உணரியைக் கண்டறிந்தார்கள். வெப்பத்தையும் தொடுதலையும் உணரும் வழிகளைக் கண்டுபிடித்ததற்காக 2021-இல் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. எல்லாப் புதினாவிலும் மென்தால் ஒரே அளவில் இல்லை. பெப்பர்மின்ட் வகையில்தான் அது அதிகம். ஸ்பியர்மின்ட் வகையின் மணம் கார்வோன் என்ற வேறு பொருளிலிருந்து வருகிறது. அதில் குளிர்ச்சி குறைவு, லேசான இனிப்பு மணம் உண்டு. உங்கள் கையில் இருக்கும் புதினா குளிரவே இல்லையென்றால் இலையில் குறை இல்லை, வகை வேறு. பழத்தோடு சேர்க்க எனக்கு ஸ்பியர்மின்ட்தான் பிடிக்கும். பெப்பர்மின்ட் மற்ற மணங்களை மேலே வரவே விடாது.

நேரம் என்று பார்த்தால், ஒரு லிட்டருக்குப் பத்து இலை, அரை மணி நேரம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். நான் கடைசியாகத்தான் புதினாவைப் போடுவேன், முதலில் எடுத்துவிடுவேன்.

மற்ற இலைகள் ஒவ்வொன்றும் ஒரு விதம். துளசியில் யூஜெனால் இருக்கிறது, கிராம்பின் மணமும் அதுதான். நாலைந்து இலைக்கு மேல் போனால் தண்ணீர் மருந்து மாதிரி ஆகிவிடும். இனிப்புத் துளசி என்று சொல்லும் பேசில் இலைக்குக் குளிர் ஆகாது, ஃபிரிட்ஜில் கறுத்துவிடும். அதனால் தண்ணீரை வெளியே எடுத்த பிறகு, குடிக்கப் போகும் சமயத்தில் போடுவதுதான் சரி. ஸ்ட்ராபெர்ரியோடு அது சேரும்போது வரும் மணம் எனக்கு மிகவும் பிடிக்கும். ரோஸ்மேரி பலமான ஆள். சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரே ஒரு கிளை, அரை மணி நேரம், அவ்வளவுதான். அதில் கற்பூர மணமும் யூகலிப்டஸில் வரும் சினியோலும் இருப்பதால், மறந்து விட்டுவிட்டால் தைலம் கரைத்த தண்ணீர்போல் ஆகிவிடும். ரோஜா இதழ் போடலாம், ஆனால் பூச்சிமருந்து அடிக்காத செடியிலிருந்து பறித்ததாக இருக்க வேண்டும். அலங்காரத்துக்காக வாங்கிய பூ வேண்டவே வேண்டாம். பெயர் தெரியாத இலை, பூ எதுவும் ஜாடிக்குள் போகக் கூடாது. அரளி போல, பார்க்க அழகாக இருந்து விஷமாக இருக்கும் செடிகள் உண்டு.

இலை வகையில் நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்வது எலுமிச்சைப் புல். எலுமிச்சைக்கு அந்த மணத்தைத் தரும் சிட்ரால்தான் இந்தப் புல்லின் எண்ணெயிலும் பெரும்பங்கு. ஆனால் எலுமிச்சையில் இருக்கும் புளிப்பு இதில் இல்லை. பல் கூச்சம் உள்ளவர்கள், நெஞ்செரிச்சல் உள்ளவர்கள், புளிப்பே பிடிக்காத குழந்தைகள் என்று எல்லோருக்கும் ஒத்துப்போகும். அடித்தண்டை நாலு விரல் நீளம் நறுக்கி, கத்தியின் பின்புறத்தால் இரண்டு தட்டு தட்டிப் போட்டால், இரவு முழுக்க ஊறினாலும் கசக்காது. எடுக்க மறந்தாலும் நம்மைத் தண்டிக்காத பொருள் இது ஒன்றுதான் என்பேன்.

இஞ்சிக்கு வேறு வழி. அதன் காரத்துக்குக் காரணமான ஜிஞ்சரால் குளிர்ந்த தண்ணீரில் எளிதில் இறங்காது. பத்துப் பதினைந்து மெல்லிய வில்லைகளாக நறுக்கி, அரை டம்ளர் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி மூடி வைத்து, ஆறியதும் இஞ்சியோடு சேர்த்து ஜாடியில் ஊற்றிவிடுங்கள். பட்டைக்கும் இதே முறைதான். பட்டையைப் பச்சைத் தண்ணீரில் போட்டு இரவெல்லாம் வைத்தாலும் நிறம்தான் கொஞ்சம் மாறும், மணம் பெயருக்குத்தான் வரும்.

வெள்ளரியிடம் எனக்கு ஒரு தனிப் பிரியம். முழு வெள்ளரியை முகர்ந்து பாருங்கள், பெரிதாக ஒன்றும் தெரியாது. நறுக்கின நொடியில் மணம் வரும். ஏனென்றால் அந்த மணம் காய்க்குள் தயாராக இல்லை. கத்தி பட்டுச் செல்கள் உடையும்போது, உள்ளே இருக்கும் கொழுப்பு அமிலங்களை நொதிகள் உடைத்து அப்போதுதான் உருவாக்குகின்றன. ஆகவே எவ்வளவு மெல்லியதாக நறுக்குகிறோமோ அவ்வளவு மணம். பெரிய துண்டுகளாகப் போடுவதால் லாபமே இல்லை. காம்புப் பக்கம் ஒரு துண்டு நறுக்கி முதலில் வாயில் போட்டுப் பாருங்கள். குக்கர்பிட்டசின் என்ற கசப்புப் பொருள் அந்த முனையிலும் தோலுக்கு அடியிலும்தான் அதிகம் சேரும். லேசாகக் கசந்தால் அந்த முனையைக் கொஞ்சம் தாராளமாக வெட்டி எறிந்துவிட்டுத் தோலையும் சீவிவிடலாம். காய் முழுக்கக் கடுமையாகக் கசந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள், உடம்புக்கு ஆகாது. நல்ல வெள்ளரி நாலு மணி நேரம் நிம்மதியாக ஊறலாம்.

பெர்ரி வகைகளுக்கு ஒரு சுலபமான வழி உண்டு: உறையவைத்துப் போடுவது. உறையும்போது பழத்துக்குள் உருவாகும் பனிப் படிகங்கள் செல் சுவர்களைக் கிழித்துவிடுகின்றன. அந்தப் பழத்தைத் தண்ணீரில் போட்டால் உருக உருக உள்ளே இருந்த நிறமும் மணமும் தாமே வெளியே வந்துவிடும். புதுப் பழம் நாலு மணி நேரத்தில் கொடுப்பதை இது ஒரு மணி நேரத்தில் கொடுக்கிறது. ஐஸ் கட்டியும் வேண்டியதில்லை. இந்தப் பழங்களின் சிவப்புக்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற, தண்ணீரில் கரையும் நிறமி. அமிலம் இருந்தால் அது பளிச்சென்று சிவக்கும், இல்லாவிட்டால் ஊதாப் பக்கம் மங்கும். மங்கலாக இருக்கும் ஜாடியில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், குழந்தைகள் கண் விரியப் பார்ப்பார்கள்.

ஆப்பிளும் வாழைப்பழமும் இதற்குப் பொருத்தமில்லை என்பது என் கருத்து. ஆப்பிள் நறுக்கினதும் பழுப்பாகும். குளிர்ந்த தண்ணீருக்கு அது கொடுக்கும் மணமும் கொஞ்சம்தான். வாழைப்பழம் கூழாகிவிடும். தர்பூசணியும் முலாம்பழமும் மணம் தருகின்றன, ஆனால் சீக்கிரம் கரைந்து தண்ணீர் கலங்கிவிடும். அவற்றில் புளிப்பும் குறைவு என்பதால் கிருமிகள் எளிதில் பெருகும். போட்டால் ஃபிரிட்ஜிலேயே வைத்து, அன்றே குடித்து முடித்துவிட வேண்டும். அன்னாசி நல்லது. நாலு துண்டுகூட ஒரு லிட்டருக்குத் தாராளம்.

கிருமி என்று சொன்னதும் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். நறுக்கிய பழம் மிதக்கும் தண்ணீர் வெறும் தண்ணீர் அல்ல, அது ஒரு உணவு. நறுக்கிய பழங்களை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது, வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் என்பது உணவுப் பாதுகாப்புத் துறையினர் சொல்லும் கணக்கு. நாள் முழுக்க மேசையில் இருக்கும் ஜாடி இதில் தேறாது. அதனால் நான் ஊறவைப்பதை ஃபிரிட்ஜிலேயே செய்கிறேன். குளிரில் எல்லாமே மெதுவாக இறங்கும் என்பதால் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், ஆனால் கவலை இல்லை. நேரம் ஆனதும் பழம், இலை எல்லாவற்றையும் வடிகட்டி எடுத்துவிட்டு, தண்ணீரை மட்டும் வேறு பாட்டிலில் ஊற்றி மூடிவைக்கிறேன். அது அடுத்த நாள் வரைக்கும்தான். நுரை வந்தாலோ, புளித்த வாடை வந்தாலோ, பழம் வழுவழுப்பாக இருந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும். பாட்டிலைக் கழுவும்போது மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்தையும் கழற்றிக் கழுவுங்கள், அழுக்கு அதற்குள்தான் தங்கும்.

பாத்திரம் கண்ணாடியாகவோ எவர்சில்வராகவோ இருக்கட்டும். செம்பு, பித்தளையில் புளிப்பு எதுவும் ஊறக் கூடாது. அமிலம் பட்டால் செம்பு கரைந்து தண்ணீரில் சேரும். அலுமினியமும் வேண்டாம்.

பற்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம். புளிப்பை அளக்கும் பி.எச். எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம் என்று பொருள்; பல்லின் எனாமல் ஏறக்குறைய 5.5 பி.எச். அளவுக்குக் கீழே கரைய ஆரம்பிக்கும். எலுமிச்சை ஊறிய தண்ணீர் அதைவிட நன்றாகவே கீழே இருக்கும். ஒரு டம்ளரை ஒரே மூச்சில் குடித்துவிட்டால் உமிழ்நீர் கொஞ்ச நேரத்தில் சரிசெய்துவிடும். ஆனால் பாட்டிலைப் பக்கத்தில் வைத்து நாள் முழுக்க ஒவ்வொரு மடக்காகக் குடிப்பதுதான் இந்தத் தண்ணீரின் வழக்கமே. அப்போது பல்லுக்கு ஓய்வே கிடைக்காது. எனவே புளிப்பு போட்ட தண்ணீரைச் சாப்பாட்டு நேரத்தில் குடியுங்கள், அப்புறம் சாதாரணத் தண்ணீரால் வாயைக் கொப்பளியுங்கள், உடனே பல் தேய்க்காமல் அரை மணி நேரமாவது விடுங்கள். நாள் முழுக்கப் பக்கத்தில் வைத்துக் குடிக்க வெள்ளரி, எலுமிச்சைப் புல், புதினா போதும்.

இதைக் குடித்தால் நச்சு வெளியேறும், தொப்பை கரையும் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. நச்சை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் செய்துகொண்டிருக்கின்றன. வைட்டமின் சி தண்ணீரில் கரையும் என்பதால் கொஞ்சம் இறங்கும்தான், ஆனால் பழத்தை அப்படியே சாப்பிட்டால் கிடைப்பதன் பக்கத்தில்கூட அது வராது. நார்ச்சத்து முழுக்கப் பழத்திலேயே நின்றுவிடும். இந்தத் தண்ணீரின் உண்மையான நன்மை, குடிக்காதவர்களைக் குடிக்கவைப்பதும், சர்க்கரை கரைத்த பானங்களின் இடத்தில் வந்து உட்காருவதும்தான். அதுவே பெரிய நன்மை. அம்மா விஷயத்தில் நான் கண்ணால் பார்த்தது. இதய நோய், சிறுநீரக நோய் காரணமாகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருப்பவர்களுக்கு மட்டும் இந்தத் தண்ணீரும் அந்த அளவுக்குள்தான் வரும் என்பதை மறக்க வேண்டாம்.

இப்போது எங்கள் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். இரவு படுக்கப் போகும் முன் ஒரு லிட்டர் ஜாடியில் தட்டிய எலுமிச்சைப் புல் தண்டு இரண்டு, வெந்நீரில் ஊறிய இஞ்சி, கொஞ்சம் எலுமிச்சைத் தோல் நாடா, மூன்றும் உள்ளே போய் ஃபிரிட்ஜுக்குப் போய்விடும். காலையில் சமையல் ஆரம்பிக்கும்போது எட்டுப் பத்து வெள்ளரி வில்லைகள் சேரும். வேலையெல்லாம் முடிந்து உட்காருவதற்கு அரை மணி நேரம் முன்பு புதினாவைத் தட்டிப் போடுவேன். அப்புறம் எல்லாவற்றையும் வடிகட்டி அம்மாவின் பாட்டிலில் ஊற்றினால் மதியம் வரை கவலையில்லை. விருந்தாளிகள் வரும் நாளில் உறைந்த ஸ்ட்ராபெர்ரியும் ஆரஞ்சுச் சுளையும் போட்டு ஒரு மணி நேரம், பரிமாறும்போது மூன்று பேசில் இலை. அம்மாவுக்கு அது பிடிக்காது, "இது சோப்பு வாசம்" என்பார். அவருக்கு வெள்ளரிதான்.

வடிகட்டிய பிறகு மிஞ்சுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெள்ளரியை நான் அங்கேயே நின்று உப்புத் தொட்டுச் சாப்பிட்டுவிடுவேன். ஸ்ட்ராபெர்ரியில் நிறம் போயிருக்கும், ஆனால் இனிப்பும் நாரும் இன்னும் இருக்கும், தயிரில் மசித்துப் போட்டால் காலியாகிவிடும். எலுமிச்சைப் புல்லும் இஞ்சியும் இன்னொரு முறை கொதிநீர் தாங்கும், சாயங்காலம் அப்படியே சூடாகக் குடிக்கலாம். தோல் நாடாவும் புதினாவும் செடித் தொட்டிக்குப் போகும். இரண்டாவது முறை அதே பழத்தின் மேல் தண்ணீர் ஊற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: ஊற்றலாம், அன்றைக்கே, ஃபிரிட்ஜுக்குள், ஒரே ஒரு தடவை. மணம் பாதிதான் இருக்கும், ஆனால் வெறும் தண்ணீரைவிட மேல்.